பழைய வானொலியும் பழுது பார்ப்பார் கடமையும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் ஒருவன் வானொலிப் பெட்டியைப் பற்றிக் கருத்துரைக்கப் புகுதல் தகுமோ என்று நண்பர் சிலர் வினவுவர். இலக்கணம் படிக்கும் கை ஈயப்பற்றுக் கோலைத் தொடலாமோ என்று என் விடுதியறைத் தோழரே நகைத்தார். அந்நகைப்பில் எனக்கு வருத்தமில்லை. ஆயினும் இப்பொழுது நம் கல்லூரியில் எழுந்துள்ள ஒரு வழக்குப் பௌதிக மாணவர்க்கு மட்டும் உரியதன்று. ஏடு பார்த்துப் பாடம் தேறும் தமிழ் மாணவர்க்கும் அது நன்கு பழகிய வழக்கே யாகும். ஆதலின் அதனைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தேன். ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் பொறுத்தருள்வார்களாக.

சென்ற ஆண்டு பௌதிகப் பகுதியின் பின்னறையைத் துப்புரவு செய்தபொழுது, தட்டிழந்த தராசுகளுக்கும் கீறல் விழுந்த மணிச்சாடிகளுக்கும் அடியில், கருஞ்சாயம் பூசிய உலோகப் பெட்டி ஒன்று அகப்பட்டது. ஒருவரே தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் கனம். முகப்பில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம், அதனுள்ளே அலைகளின் எண்கள், சுற்றிலும் குமிழ்கள். பழைய சாமான் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். 1949-ஆம் ஆண்டின் கீழ், "யுத்த உபரி ரேடியோ ரிசீவர், ஒன்று" என்று எழுதியிருந்தது. விலை எழுதிய இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. இப்பெட்டிக்கு விலை பேச வருவோர் சிலர் உளராதலின், அக்கரையான் நமக்கு உபகாரமே செய்தது எனலாம்.

இப்பெட்டியின் பெயர் பி.சி. 348. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் விமானங்களில் அமைப்பதற்கென்று செய்யப்பட்டது. பி-17, பி-24, பி-29 என்னும் குண்டு வீசும் விமானங்களில் வானொலியாளர் தம் மேசையின்மேல் இதனை வைத்துக்கொண்டு, காதில் குழாய் மாட்டித் தரையிலிருந்து வரும் தந்திக் குறிகளைக் கேட்டனர். இதனுள் எட்டு வால்வுகள் உண்டு. 200 கிலோசைக்கிள் முதல் 500 வரையிலும், பின்னர் 1500 கிலோசைக்கிள் முதல் 18 மெகாசைக்கிள் வரையிலும் உள்ள அலைகளை ஆறு வரிசையாகப் பிரித்துக் கேட்கலாம். இக்காலத்தார் சைக்கிள் என்னாது ஹெர்ட்ஸ் என்பர். எங்கள் பெட்டியின் முகப்பு அப்பெயர் வழங்குமுன் பொறிக்கப்பட்டது.

போர் முடிந்தபின் இத்தகைய கருவிகள் மலைமலையாகக் குவிந்தன. அவற்றை அரசாங்கங்கள் உபரிச் சரக்காக விற்றன. அக்காலத்தில் இவற்றைத் தேடித் தேடி வாங்கினவர் யார் எனின், அமெச்சூர் வானொலியாளரே யாவர். பொருளீட்டும் நோக்கமின்றி, அரசாங்க அனுமதியும் தமக்கென ஓர் அழைப்புக் குறியும் பெற்று, தம் வீட்டிலிருந்தே பிற நாட்டாருடன் வானலையிற் பேசுவோர் அவர். நம் நாட்டில் இவர்கள் பட்ட பாடு தனிக் கதை. 1939-இல் போர் மூண்டவுடன் தம் ஒலிபரப்புக் கருவிகளைப் போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டுமென்று அவர்களுக்கு ஆணை பிறந்தது. போர் தீர்ந்து மீண்டும் அனுமதி கிடைத்தபொழுது கையில் கருவி இல்லை. கடையிலோ போர்க்கருவி மலிந்து கிடந்தது. முன்பு கருவியைப் பறித்ததும் போர். பின்பு கருவியைத் தந்ததும் அதே போர்.

இப்பெட்டியைச் சுமந்த லிபரேட்டர் என்னும் பி-24 விமானங்களுக்கும் இந்நாட்டில் ஒரு கதை உண்டு. போர் முடிவில் அவை பல கான்பூரில் விடப்பட்டன. பிறர் பறக்கவிடக் கூடாதென்று வேண்டுமென்றே சிதைக்கவும் பட்டன. 1948-இல் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனத்தார் அவற்றைப் பறக்கத் தக்க அளவு ஒக்கிட்டுப் பெங்களூருக்குக் கொண்டு சென்று, முற்றும் பழுது பார்த்து நம் விமானப் படைக்கு அளித்தனர். 1968 வரையில் அவை பறந்தன. சிதைத்தவர் நோக்கம் ஒன்று. செப்பம் செய்தவர் ஆக்கியது மற்றொன்று. இதனை ஈண்டுக் கூறியதன் காரணம் பின்னர் விளங்கும்.

பெட்டியைப் பழுது பார்க்கப் பௌதிக மாணவர் மூவரும் யானும் சேர்ந்தோம். யான் சேர்ந்தது அறிவினால் அன்று. சிறு வயதில் என் பாட்டனாரின் வால்வு ரேடியோவைத் திறந்து பார்த்து அடி வாங்கிய அனுபவத்தினால். எங்களுக்கு வழி காட்டியவர் கடைத்தெருவில் நாற்பது ஆண்டு ரேடியோ பழுது பார்த்து ஓய்ந்த முதியவர் ஒருவர். அவர் வந்த முதல் நாளே, பெட்டியை மின்சாரத்தில் இணைக்கத் துடித்த எங்கள் கையைத் தட்டிவிட்டு, "தம்பி, எழுபது வருஷம் பட்டினி கிடந்தவனுக்கு எடுத்தவுடனே விருந்து வைக்கலாமா?" என்றார். அவ்வொரு சொல்லில் அடங்கிய சாத்திரத்தைப் பின்னர்ப் பல வாரம் படித்தோம்.

வால்வு ரேடியோவில் முதலில் கெடுவது வால்வே என்பது பொதுமக்கள் எண்ணம். அது பெரும்பாலும் தவறு. எங்கள் எட்டு வால்வுகளில் ஆறு இன்றும் நல்ல நிலையில் உள்ளன. கெடுவது கண்டென்சரே. இரண்டு உலோகத் தகட்டுச் சுருளுக்கு இடையே காகிதத்தை வைத்து, மெழுகோ எண்ணெயோ ஊட்டிச் செய்வர். ஆண்டுகள் செல்லச் செல்லக் காகிதம் ஈரத்தை உறிஞ்சும். எங்கள் ஊர்க் கடற்காற்றிலோ கேட்க வேண்டுவதில்லை. ஈரம் புகுந்த கண்டென்சர், தடுக்க வேண்டிய மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். கடைசி வால்வின் வாயிலில் நிற்கும் கண்டென்சர் அவ்வாறு கசியுமாயின், அவ்வால்வு தன் அளவுக்கு மிஞ்சிய மின்சாரத்தை இழுத்துத் தானும் கெட்டு, தன்னை அடுத்த டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடும். ஆதலின் ஆர்வ மிகுதியால் பழைய பெட்டியை நேரே மின்சாரத்தில் இணைப்பவர், அதனைப் பிழைப்பிக்க வந்து கொன்றவர் ஆவர்.

முதியவர் செய்தது இது: நூறு வாட்டு விளக்கு ஒன்றைப் பெட்டிக்கும் மின்சாரத்துக்கும் நடுவே தொடராக மாட்டினார். பெட்டியினுள் எங்கேனும் குறுக்கு வழி இருந்தால் விளக்குப் பளிச்சென்று எரியும். பெட்டிக்கு ஊறு நேராது. எங்கள் விளக்குக் கலியாண வீட்டு விளக்காகவே எரிந்தது. பின்பு ஒவ்வொன்றாகத் தேடினோம். வடிகட்டும் கண்டென்சர்கள் வற்றியிருந்தன. கார்பன் ரெசிஸ்டன்ஸ்கள் பல, தம்மீது வரைந்த வண்ணக்கோடு கூறும் அளவினும் மிகுந்திருந்தன. வயது ஏற ஏற அவற்றின் தடை ஏறுவது இயல்பாம். ரப்பர் உறையிட்ட கம்பிகளைத் தொட்டவுடன் உறை அப்பளம்போல் நொறுங்கி உதிர்ந்தது. அப்பிரகக் கண்டென்சர்கள் மட்டும் சற்றும் மாறாமல் இருந்தன. இருநூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் அணைத்த பின்னும் பெரிய கண்டென்சரில் தங்கி நிற்கும். அதனை ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாக வடித்த பின்னரே கை வைத்தல் வேண்டும் என்பதை நண்பர் ஒருவர் ஒருமுறை மறந்தார். பிறகு அவர் எக்காலும் மறக்கவில்லை.

யானும் ஒரு பிழை செய்தேன்; அது உடம்பை வருத்தாத பிழையாயினும் மனத்தை வருத்துகின்றது. கழற்றிய பழைய கண்டென்சர்களை முதல் வாரத்தில் குப்பையில் எறிந்துவிட்டேன். இரண்டாம் வாரத்தில்தான் அவற்றுள் சில அமெரிக்காவிலிருந்து வந்தவை அல்ல, இக்கல்லூரியில் முன்பு எவரோ மாற்றி வைத்தவை என்று தெரிந்தது. எக்கம்பெனியின் சரக்கு, எவ்வாண்டினது என்பதைக் கூறும் சான்று போய்விட்டது. ஒற்றை ஓலையைக் கிழித்தெறிந்தவனுக்கு நேரும் வெட்கம் எனக்கு நேர்ந்தது.

முன்பு எவரோ மாற்றினர் என்றேனே, அவ்வெவரோ யார் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். பெட்டியை உறையிலிருந்து உருவியபொழுது, உறையின் உட்புறத்தில் ஒட்டிய தடித்த காகிதம் ஒன்றைக் கண்டோம். 1951 முதல் 1968 வரை, ஐந்தாறு கையெழுத்துக்களில், பென்சிலாலும் மையாலும் குறிப்புக்கள். சில ஆங்கிலம், சில தமிழ். "டைனமோட்டாரை நீக்கி டிரான்ஸ்பார்மர் வைத்தது." "வால்வுகளின் சூட்டுக் கம்பியைப் பிரித்து ஆறு வோல்ட்டுக்கு மாற்றியது. மூன்று நாள் வேலை." "ஸ்பீக்கர் பொருத்தியது. வராந்தா வரை கேட்கிறது." பெயர் எழுதினவர் இலர், இரண்டெழுத்து மூன்றெழுத்துத் தலைப்பெழுத்துக்களே உள்ளன.

இம்மாற்றங்களின் கருத்தைச் சற்று விளக்குகின்றேன். விமானத்தில் கிடைப்பது 28 வோல்ட்டுப் பாட்டரி மின்சாரம். வால்வுகளுக்கோ இருநூற்றுச் சொச்சம் வோல்ட்டு வேண்டும். ஒரே அச்சில் மோட்டாரும் ஜெனரேட்டரும் சேர்ந்து சுழலும் டைனமோட்டார் என்னும் பொறி, பெட்டியினுள்ளேயே இருந்து அம்மாற்றத்தைச் செய்தது. வால்வுகளின் சூட்டுக் கம்பிகளும் 28 வோல்ட்டுக்கு ஏற்பச் சரமாகக் கோக்கப்பட்டிருந்தன. கல்லூரியின் சுவரில் உள்ளதோ வேறு மின்சாரம். எனவே அம்மாணவர்கள் டைனமோட்டாரைக் கழற்றி, அது இருந்த குழியிலேயே டிரான்ஸ்பார்மரையும் மின்சாரத்தை ஒரு திசைப்படுத்தும் வால்வையும் அமைத்தனர். சரத்தை அறுத்து ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியே 6.3 வோல்ட்டுச் சேரும்படி கம்பி பூட்டினர். உலகெங்கும் இப்பெட்டியை வாங்கிய அமெச்சூர்கள் இதனையே செய்தனர். காதுக் குழாய்க்கென்று அமைந்த ஒலியை ஸ்பீக்கருக்கு மாற்றியதும் அவ்வாறே. முகப்புத் தகட்டில் ஒரு வட்டத் துளையும் இட்டுள்ளனர். அலையின் வலிமையைக் காட்டும் மீட்டர் ஒன்று அதில் இருந்ததுபோலும். இன்று துளை மட்டுமே உண்டு. அத்துளை அழகாயில்லை என்பதை யானும் மறுக்கவில்லை.

இனி வழக்கு யாதெனின், எங்கள் பழுது பார்ப்பு இனி எவ்வழிச் செல்லுதல் வேண்டும் என்பதே. நம் கல்லூரியின்பால் அன்பு மிக்க பழைய மாணவர் ஒருவர், இதற்குரிய டைனமோட்டாரைத் தேடி வாங்கித் தர முன்வந்துள்ளார். அவர் கருத்து: பிற்காலத்தார் செய்த மாற்றங்கள் அனைத்தையும் களைந்து, துளையை அடைத்து, சாயம் பூசி, விமானத்தில் இருந்தபடியே பெட்டியை ஆக்கிக் கண்காட்சியில் வைத்தல் வேண்டும் என்பது. பௌதிக மாணவருள் சிலர் இதனை விரும்புகின்றனர். வேறு சிலரோ, உள்ளே உள்ளவற்றை எல்லாம் எடுத்தெறிந்துவிட்டு, உறையை மட்டும் வைத்துக்கொண்டு, இக்காலச் சிறு கருவி ஒன்றை உட்புகுத்தினால் நன்றாகப் பாடும் என்கின்றனர். இவ்விரண்டாங் கூற்றை யான் ஆராயப் போவதில்லை. புத்தகத்தின் அட்டையை வைத்துக்கொண்டு ஏடுகளைக் கிழித்தெறிவாரோடு வழக்காடுவது வீண். முன்னவர் கூற்றோ அத்தகையதன்று. அது பழமையின்பால் உள்ள அன்பினால் எழுந்தது. மறுத்துரைப்பதும் அன்போடு இருத்தல் வேண்டும்.

மூல வடிவம் என்று அவர் கூறுவது எது? சிகாகோவிலோ வேறு நகரிலோ தொழிற்சாலையை விட்டு வெளிப்போந்த நாளின் வடிவம் எனின், அவ்வடிவில் இப்பெட்டி வாழ்ந்தது மிகச் சில ஆண்டுகளே. 1949 தொட்டு அது நம் கல்லூரிப் பெட்டி. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதன் உடன்பிறப்புக்கள் பல, டைனமோட்டாரோடு கூடிப் பழுதின்றிப் பாதுகாக்கப்பட்டுள்ளன. விமானத்துப் பெட்டியைக் காண விரும்புவார் அவற்றைக் காணலாம். இன்னும் சுதந்தரம் வந்து சில ஆண்டுகளே ஆன நாளில், சுற்றுப்படமே கிடைத்தற்கரிய ஊரில், மாணவர் சிலர் மூன்று நாள் குனிந்திருந்து சூட்டுக்கம்பியைப் பிரித்த பெட்டியோ, இஃது ஒன்றே. இதனைக் களைந்தால் உலகில் ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாக ஒரு விமானப் பெட்டி கூடும். ஒன்றேயாயிருந்த கல்லூரிப் பெட்டி இல்லாமற் போகும்.

ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்பார்க்கு இவ்வினா புதிதன்று. மூலத்தை நாடுதல் அவர் கடமையே. இடைச்செருகலை நீக்குதலும் கடமையே. ஆயின் உரையாசிரியர் எழுதிய உரையை இடைச்செருகல் என்று ஒருவரும் நீக்குவதில்லை. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்கள் அதனை நச்சினார்க்கினியர் உரையோடு அன்றோ பதிப்பித்தார்கள்? தாம் கொள்ளாத பாடத்தையும் அடிக்குறிப்பில் காட்டிச் செல்வது அவர்கள் வழக்கம். தமக்குத் தவறாகத் தோன்றியது பிறர்க்குச் சரியாகத் தோன்றலாம் என்னும் அடக்கம் அதில் உள்ளது. அம்மாணவர்கள் செய்த மாற்றம் ஏடெழுதுவோன் கைப்பிழை போன்றதன்று. ஒரு நூலைத் தம் காலத்தார்க்குப் பயன்படுமாறு விளக்கிய உரை போன்றது. விமானம் இல்லாத இடத்தில் விமான ரேடியோவை வாழவைத்த உரை அது.

இவ்வுவமையை மிக நீட்டினால் முறியும் என்பதையும் அறிவேன். உரை எழுதுவோர் மூலத்தை அழிப்பதில்லை. எங்கள் முன்னோரோ சரத்தை அறுத்தனர், டைனமோட்டாரைத் தொலைத்தனர், தகட்டில் துளையும் இட்டனர். அன்றியும் அவர்கள் செய்தன யாவும் போற்றத் தக்கனவும் அல்ல. உருகு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தனர். அடிக்கடி அறுந்ததுபோலும், அறுவதன் காரணத்தைத் தேடாமல் அறாத கம்பியைத் தேடினர். வெளிக்கூட்டுக்கு நிலத்தொடர்பு இல்லை. மின்கம்பியில் இரண்டே முனை. இவற்றை நாங்கள் மாற்றினோம்: முறையான உருகு கம்பி, மூன்று முனைப் பிளக்கு, கூட்டுக்கு நிலத்தொடர்பு. இதற்கு எவரிடமும் மன்னிப்புக் கேட்க யான் ஒருப்படேன். பழமையைக் காப்பதற்காக ஒரு மாணவன் கை எரிவது முறையன்று. ஆயினும் முறுக்கிய செம்புக் கம்பியை ஒரு தகரப் பெட்டியில் இட்டு, இன்ன இடத்தில் இருந்தது, இன்ன நாளில் எடுத்தோம் என்று சீட்டு எழுதி வைத்துள்ளோம். முதல் வாரத்துப் பிழையிலிருந்து கற்றது அது.

பழைய கண்டென்சரின் உறையைக் குடைந்து, அதனுள் புதிய சிறு கண்டென்சரை மறைத்து, மெழுகால் அடைத்து வைக்கும் வழக்கம் ஒன்று பழுது பார்ப்பாரிடையே உண்டு. கண்ணுக்கு எல்லாம் பழையதாகவே தோன்றும். கைவேலைத் திறம் மிக்கது, பார்த்து வியந்திருக்கின்றேன். ஆயினும் குறிப்பின்றிச் செய்யின் அது நேர்மைக்குச் சற்றுப் புறம்பானது என்பதே என் துணிபு. பின்வரும் ஒருவர் அதனை 1943-இன் கண்டென்சர் என்று நம்பி ஆராய்வார். நாங்கள் புதியவற்றைப் புதியவையாகவே தெரியுமாறு வைத்தோம். மஞ்சள் நிறமான அவை கரிய சட்டத்தினுள் தலைவாழையிலையில் வைத்த மிட்டாய்போல் தோன்றுகின்றன என்று ஆசிரியர் ஒருவர் கடிந்தார். தோன்றட்டும்.

"எதனையும் தொடாமல், மின்சாரமும் ஊட்டாமல், கண்ணாடிக் கூண்டில் வைத்துவிடுதல் உத்தமம் அன்றோ?" என்பாரும் உளர். உலகில் ஒன்றிரண்டே எஞ்சிய அருங்கருவிகளுக்கு அது தக்கது. பல்லாயிரமாகச் செய்த கருவிக்கு அது வேண்டுவதில்லை. ஓசைக்கென்று பிறந்த பொருள் ஊமையாக நிற்கும்பொழுது அதனைப் பார்ப்பவர் அறிவது யாது? குமிழ்களின் எண்ணிக்கையே.

ஓசை என்றவுடன், அது முதன்முதல் ஒலித்த மாலையைக் கூறாமல் இருக்க இயலவில்லை. கண்டென்சர் மாற்றி முடித்து, 915 கிலோசைக்கிளில் அமைந்த அதன் இடைநிலைச் சுற்றுக்களை இசைவித்த பின்னர், விளக்கு மங்கியே நின்றது. பிறகு விளக்கையும் நீக்கினோம். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. வால்வுகள் சூடேறுங்கால் வரும் ஒரு மணம் உண்டு, தூசியும் அரக்கும் கலந்த மணம், அது வந்தது. பின்னர் மழை தூரத்தில் பெய்வதுபோல் ஓர் இரைச்சல். மரக்கம்பத்தில் கட்டிய கம்பியை இணைத்தவுடன் அம்மழை பெரிதாயிற்று. ஏழு மெகாசைக்கிளுக்குத் திருப்பினோம். அங்கே தந்திக் குறி ஒன்று, தெளிவாக, மெதுவாக. எங்களுள் மார்ஸ் அறிந்தவர் ஒருவரும் இலர். முதியவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "கூப்பிடுகிறான், யாரையாவது கூப்பிடுகிறான்" என்றார்.

இன்றைய அமெச்சூர்கள் பேசும் முறையும் மாறிவிட்டது. ஒற்றைப் பக்க அலையாக அவர்கள் அனுப்பும் பேச்சு, இப்பெட்டியில் நேரே கேட்டால் வாத்தின் குரலாக ஒலிக்கும். தந்தி கேட்பதற்கென்று இதனுள் அமைந்த துணை அலையெழுப்பியை இயக்கி, அலைவாங்கும் வலிமையைக் குறைத்து, குமிழை மயிரிழையளவு நகர்த்தினால், திடீரென்று வாத்து மனிதனாகும். அதே வரிசையில் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பதினைந்து பதினைந்து விநாடியாகப் பரிமாறும் சீழ்க்கையொலியும் கேட்கின்றது. 1940-களின் காது 21-ஆம் நூற்றாண்டின் சீழ்க்கையைக் கேட்கின்றது. பொருள் மட்டும் அதற்கு விளங்காது. எங்களுக்கும்தான்.

ஈண்டு ஒரு சிலர் கூறும் பொய்ந்நியாயத்தையும் விலக்கிவிடுகின்றேன். 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபொழுது, அங்கிருந்த அமெச்சூர் வானொலியாளர் செய்தி அனுப்பிப் பெருந்தொண்டு புரிந்தனர் என்பது உண்மை. ஆகவே பழைய வால்வு ரேடியோவைக் காத்தால் ஆபத்துக்கு உதவும் என்று நம் கண்காட்சி அறிவிப்பில் எழுதலாம் என்றார் ஒருவர். எழுதலாகாது. அவர்கள் வைத்திருந்தவை இக்காலக் கருவிகள். சிறியவை, பாட்டரியில் இயங்குவன, பேசவும் வல்லன. எங்கள் பெட்டி கேட்கும், பேசாது. இதனை யான் காக்க விரும்புவது பயன் கருதியன்று. எட்டு வால்வுகளையும் கண்ணால் காணலாம். ஒரு கம்பியை விரலால் தொடர்ந்து சென்று, வானிலிருந்து வந்த அலை எவ்விடத்தில் குரலாகின்றது என்று காட்டலாம். ஆர்ம்ஸ்ட்ராங் என்பார் 1918-இல் கண்ட சூப்பர்ஹெட்டரோடைன் முறையை யான் புத்தகத்தில் படித்து விளங்கிக்கொண்டதில்லை. இப்பெட்டியின் அடிப்புறத்தைக் கவிழ்த்துப் பார்த்து விளங்கிக்கொண்டேன். தமிழ் மாணவனுக்கு விளங்கியது எவர்க்கும் விளங்கும்.

டைனமோட்டார் தர முன்வந்த பெரியாரிடம் நம் கல்லூரி அதனை நன்றியோடு ஏற்றல் வேண்டும். ஆயின் பெட்டிக்குள் அன்று, பெட்டியின் பக்கத்தில் அதனை வைக்க அவர் இசைவாராக. பக்கத்தில் வைத்தால் விமானத்தில் இருந்தது எது, கல்லூரியில் புகுந்தது எது என்பதை வருவோர் ஒரே நோக்கில் அறிவர். உள்ளே வைத்தால் நம் சுவரின் மின்சாரத்தில் பெட்டி இயங்காது. அதற்கென்று வேறொரு 28 வோல்ட்டுக் கருவியை வெளியே ஒளித்து வைக்க வேண்டிவரும். அந்த ஒளிப்பும் ஒரு மாற்றமே யன்றோ? துளையை அடைக்க வேண்டுவதில்லை. ஒரு மீட்டர் கிடைக்கும்வரை அது துளையாகவே இருக்கட்டும். கான்பூரில் சிதைந்த விமானங்களைப் பறக்கவிட்டவர், அவற்றைத் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் கோலத்துக்குக் கொண்டுபோய் வைக்க எண்ணினரல்லர். தம் நாட்டுக்குப் பறக்கச் செய்தனர். இப்பெட்டியும் அவ்வழியில் வந்ததே.

அடுத்த பருவத்தில் பௌதிகச் சங்கத்தார் இதனைத் தீர்மானிக்க இருக்கின்றனர். எனக்கு அங்கே வாக்கு இல்லை. ஆதலின் இங்கே எழுதினேன். தீர்மானம் எவ்வாறாயினும், உறையின் உட்புறக் காகிதத்தை மட்டும் ஒருவரும் உரிக்கலாகாது என்பது என் வேண்டுகோள்.

அக்காகிதத்தில் 1962-ஆம் ஆண்டின் கீழ், சாய்ந்த தமிழ்க் கையெழுத்தில், ஒரு குறிப்பு உளது: "அரைமணி நேரம் ஆனால் கரகரப்பு. எல்லாம் பார்த்தாயிற்று. காரணம்?" எங்கள் பெட்டியும் மிகச் சரியாக அரைமணி நேரத்தில் கரகரக்கத் தொடங்கியது. ஒரு மாதம் தேடினோம். நடு வால்வு ஒன்றின் தகட்டுக்கு மின்சாரம் ஊட்டும் கார்பன் ரெசிஸ்டன்ஸ், அளவில் பிழையில்லாமலே, சூடேறியவுடன் ஓசையெழுப்பியது; குளிர்ந்த நிலையில் அளந்தால் குற்றமற்றதாகத் தோன்றும். அதனை மாற்றியவுடன் கரகரப்பு நின்றது. அவ்வினாவின் கீழே பென்சிலால் விடையையும் நாளையும் எழுதினேன். பழங்காகிதத்தில் எழுதலாமோ என்று நண்பர் என்னோடு இன்றும் வழக்காடுகின்றார். வினா எழுதியவர் பெயரின் தலைப்பெழுத்துக்கள் சே. ஞா. என்று காண்கின்றன. இவ்விதழ் அவர் கைக்குச் சேருமாயின், ஒரு மாலை பின்னறைக்கு வந்து அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து கேட்டுச் செல்வாராக.